முறை மாறினும் தொகை மாறுமோ?

எண், எழுத்து என்னும் இரண்டனையும் மக்களுக்குக் கண்களாகக் கூறிய திருவள்ளுவர் எண்ணையே முன்வைத்தார். ஆயினும் தமிழ் பயில்வார் பலர் எழுத்தை மட்டும் தமதாகக் கொண்டு, எண்ணைக் கணிதத் துறையார்க்கே உரியதென விடுத்து அமைகின்றனர். இலக்கணமும் இலக்கியமும் கற்பார்க்குக் கூட்டல் கழித்தலின் விதிகளைப் பற்றி என்ன பேச்சு என்று நம் தோழர் சிலர் நகைத்தலும் கூடும். அங்ஙனம் நகைப்பார் சற்றே பொறுத்து இக்கட்டுரையை இறுதிவரை படிப்பாராக. யாம் பேசப் புகுந்தது ஏட்டுக் கணக்கன்று; தேனி மாவட்டத்திலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் உழுவார், விற்பார், கூலி பெறுவார் ஆகியோரின் கைப்பொருளைத் தொடும் கணக்கேயாம்.

கூட்டல் முதலிய நால்வகைச் செயல்களுக்கும் அடிப்படையான பண்புகள் சிலவற்றை நாம் அனைவரும் பள்ளியிற் கற்றுள்ளோம். இரண்டு எண்களை எம்முறையில் வைத்துக் கூட்டினும் பெருக்கினும் விடை ஒன்றே என்பது பரிமாற்றுப் பண்பு. மூன்று எண்களில் எவ்விரண்டை முன்னர்ச் சேர்த்தாலும் விடை ஒன்றே என்பது சேர்ப்புப் பண்பு. ஒரு கூட்டுத் தொகையைப் பெருக்குவதும், அதன் உறுப்புகளைத் தனித்தனியே பெருக்கிக் கூட்டுவதும் ஒன்றே என்பது பங்கீட்டுப் பண்பு. இவற்றின் பெயர்களைத் தேர்வுக்காக மனனஞ் செய்து, தேர்வு முடிந்த மறுநாளே மறப்பது மாணவர் பலர்க்கு வழக்கமாயிற்று. இப்பண்புகள் மதிப்பெண் பெறுதற்குரிய பெயர்ப்பட்டியல் அல்ல. ஒரு கணக்கு நேரியதா அன்றா என்று உரைத்துப் பார்க்கும் உரைகல் என்பதே எமது கருத்து. அவற்றை அவ்வாறே கற்பித்தல் வேண்டும். அவை எங்கே பொருந்தும் என்பதனோடு எங்கே பொருந்தா என்பதனையும் சேர்த்துக் கற்பித்தல் வேண்டும்.

முதலாவது, பொருந்தும் இடத்தைக் காண்பாம். முல்லைப் பெரியாற்று நீரால் லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை இருபோகம் விளையும் நிலத்தின் பரப்பு 14,707 ஏக்கர். அதில் உத்தமபாளையம் வட்டத்தில் உள்ளது 11,807 ஏக்கர். தேனி வட்டத்தில் 2,412. போடி வட்டத்தில் 488. இம்மூன்றையும் எழுதிய முறைப்படியே கூட்டப் புகுவோன் 11,807 உடன் 2,412 ஐச் சேர்க்கையில் சிறிது தடுமாறுவான். பின்னிரண்டையும் முன்னர்ச் சேர்ப்போனுக்கோ 2,412 உம் 488 உம் தடையின்றி 2,900 ஆகின்றன. அதனோடு 11,807 சேர 14,707 வந்து நிற்கின்றது. அவன் செய்தது யாது? சேர்ப்புப் பண்பைக் கைக்கொண்டதே. அதன் பெயரை அவன் அறிந்திலன் ஆயினும் அதன் பயனை அறிந்தான்.

பெரியாற்று அணைக்கென 1886 ஆம் ஆண்டு எழுதப்பெற்ற 999 ஆண்டுக் குத்தகையில் 8,000 ஏக்கருக்கு ஏக்கர் ஒன்றுக்கு 5 ரூபாயாக ஆண்டு வாடகை குறிக்கப்பெற்றது. அத்தொகை எவ்வளவு என்று வினவினால், எண்ணாயிரத்தை ஐந்து முறை கூட்டுவார் யாரும் இலர். ஐயெட்டு நாற்பது, ஆகவே நாற்பதாயிரம் என்பர். ஆயிரத்தை ஒருபுறம் ஒதுக்கி, எட்டையும் ஐந்தையும் அருகருகே கொணர்ந்து பெருக்கிப் பின்னர் ஆயிரத்தைச் சேர்க்கும் இவ்விரைவுக்குள் பரிமாற்றுப் பண்பும் சேர்ப்புப் பண்பும் ஒருங்கே அடங்கியுள்ளன.

பங்கீட்டுப் பண்புக்கு அணை நீரே சான்று. அண்மை ஆண்டுகளில் முதல் போகத்துக்கு நீர் திறக்கும்பொழுது, பாசனத்துக்கு நொடிக்கு 200 கன அடியும் குடிநீருக்கு 100 கன அடியும் ஆக 300 கன அடி, 120 நாள் அளவும் விடப்பெறுவதுண்டு. முந்நூற்றை 120 ஆல் பெருக்கினும் 36,000; இருநூற்றைப் பெருக்கி வந்த 24,000 உடன் நூற்றைப் பெருக்கி வந்த 12,000 ஐக் கூட்டினும் 36,000. உழவர்க்குரிய பங்கும் ஊரார் பருகும் பங்கும் தனித்தனியே கணக்கிடப்பெற்றாலும் மொத்தம் பிழையாது என்னும் நம்பிக்கையை அளிப்பது இப்பண்பே.

இங்கே ஒன்று கருதத்தக்கது. இருநூறு கன அடியை 120 நாள் விடுவதும், 120 கன அடியை இருநூறு நாள் விடுவதும் பெருக்கற் கணக்கில் ஒன்றே. இரண்டினும் ஓடிய நீர் சமமே. வயலில் அவை ஒன்றாகுமோ? ஆகா. குறைந்த நீர் கடைமடையை எட்டாது. நீண்ட நாள் விட்ட நீரோ கதிர் அறுத்த பின்னரும் வீணே ஓடும். பண்பு காப்பது தொகையை மட்டுமே. தொகை ஒன்றாயினும் பொருள் வேறாகலாம் என்பதனை உடன் உணர்த்தாத கல்வி அரைக் கல்வியேயாம்.

இவ்வுண்மை தமிழ் கற்பார்க்குப் புதிதன்று. கணக்கிலும் தொகை உண்டு. நம் இலக்கணத்திலும் தொகை உண்டு. இரவுபகல் என்னினும் பகலிரவு என்னினும் பொருள் மாறுவதில்லை. உம்மைத்தொகை கூட்டலைப் போன்றது. தாமரைமுகம் என்பதனை முகத்தாமரை என மாற்றினாலோ, உவமையாய் நின்றது உருவகமாய் விடுகின்றது. அது கழித்தலையும் வகுத்தலையும் போன்றது. பத்திலிருந்து நான்கைக் கழிப்பதும் நான்கிலிருந்து பத்தைக் கழிப்பதும் ஒன்றாமோ? பழைய நெல் மூட்டை என்றவிடத்துப் பழையது நெல்லா, மூட்டையா? எவ்விரு சொற்களை முன்னர்ச் சேர்க்கிறோமோ அதற்கேற்பப் பொருள் வேறாகின்றது. அதுபோலவே, நூறிலிருந்து முப்பதைக் கழித்துப் பின்னர்ப் பத்தைக் கழித்தால் 60 எஞ்சும். முப்பதிலிருந்து பத்தைக் கழித்து, எஞ்சியதை நூறிலிருந்து கழித்தால் 80 எஞ்சும். சொல்லைப் பிரித்துச் சேர்க்கும் பயிற்சி உடைய நாம் எண்ணைப் பிரித்துச் சேர்ப்பதற்கு அஞ்ச வேண்டுவதில்லை.

இனி, இப்பண்புகள் மேனாட்டார் நமக்குத் தந்த புதுச்சரக்கு என்று எண்ணுவார் உளர். பெயர்கள் புதியன என்பது மெய்யே. பரிமாற்று, பங்கீடு என்பவற்றுக்குரிய பெயர்களை 1814 ஆம் ஆண்டு வழங்கியவர் செர்வுவா என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர். செயலோ அப்பெயர்களினும் மிகத் தொன்மையானது. பாஸ்கராசாரியர் 1150 ஆம் ஆண்டளவில் இயற்றிய லீலாவதியில், பெருக்கும் எண்ணை இரண்டாகப் பிரித்துப் பெருக்கிக் கூட்டலாம் என்றும், வசதிக்கேற்ப ஓர் எண்ணை மிகுத்துப் பெருக்கிப் பின்னர் மிகையைக் கழிக்கலாம் என்றும் வழிகள் கூறப்பெற்றுள்ளன. அங்கே வரும் கணக்கு 135 ஐ 12 ஆல் பெருக்குவது. இருபதால் பெருக்கினால் 2,700; எட்டால் பெருக்கினால் 1,080; முன்னதில் பின்னதைக் கழிக்க விடை 1,620. நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி கற்ற சிறுவர் முழுவெண் வாய்பாட்டோடு கால், அரை, மா, காணி முதலிய கீழ்வாய் இலக்கங்களின் வாய்பாட்டையும் ஓதினர். காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம் நிலமும் நெல்லும் பொன்னும் அளக்கும் வழிகளை நூலாகவே வகுத்துரைத்தது.

அந்நெறி இன்றும் அழிந்திலது. தேனிச் சந்தையிலும் கம்பத்துத் திராட்சைக் கடையிலும் அது உயிரோடு உலவுகின்றது. கிலோ 48 ரூபாய்த் திராட்சை ஏழு கிலோவுக்கு என்ன விலை என்று கேட்டால், விற்கும் அம்மையார் தாளைத் தேடார். ஐம்பது வீதம் 350. கிலோவுக்கு இரண்டாக 14 போக 336 என்று மனத்துள்ளே கண்டு கூறிவிடுவர். லீலாவதி கூறிய வழி இதுவே அன்றோ? பாஸ்கராசாரியரின் பெயரைக் கேட்டறியாத ஒருவர் அவர் நெறியை நாள்தோறும் கைக்கொள்ளுகின்றார். அவர் மகனோ பேரனோ பள்ளியில் பங்கீட்டுப் பண்பை வரையறுக்க எனும் வினாவுக்கு விடை எழுதுகின்றான். தன் வீட்டில் நாள்தோறும் வழங்குவது அதுவே என்பதனை அவனுக்கு எடுத்துக் கூறுவாரைக் காண்பது அரிது.

இக்குறை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பிரேசில் நாட்டு ரெசிபி நகரத்துத் தெருக்களில் பொருள் விற்ற சிறுவர் ஐவரை ஆராய்ந்த அறிஞர் மூவர் 1985 ஆம் ஆண்டு தம் முடிவை வெளியிட்டனர். தெருவில் கேட்ட கணக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்குச் சரியான விடை கூறிய அச்சிறுவர், அத்தகைய கணக்குகளையே வெற்றெண்களாக எழுதித் தந்தபொழுது நூற்றுக்கு முப்பத்தேழளவே சரியாகச் செய்தனர். நம் நாட்டில் டெல்லி, கொல்கத்தா நகரங்களின் சந்தைகளில் தொழில் செய்யும் சிறுவரைப் பற்றி 2025 ஆம் ஆண்டு நேச்சர் இதழில் வெளிவந்த ஆய்வும் இதனையே காட்டிற்று. அவ்வாய்வு மற்றொன்றும் கூறிற்று. சந்தையை அறியாத பள்ளிச் சிறுவர் ஏட்டுக் கணக்கை ஓரளவு செய்தும் சந்தைக் கணக்கில் இடர்ப்பட்டனர். ஆகவே ஒருசாரார்க்குச் செயல் உண்டு, பெயர் இல்லை. மற்றொரு சாரார்க்குப் பெயர் உண்டு, செயல் இல்லை. இரண்டு கரைகளும் உள, பாலந்தான் இல்லை.

சந்தையே இவற்றைக் கற்பிக்குமாயின் பள்ளி எதற்கு என்று சிலர் வினவலாம். சந்தை அறிவு பழகிய பொருளோடும் பழகிய விலையோடும் நின்றுவிடும்; பழகாத கணக்கு ஒன்று எதிர்ப்படுமாயின் அது திகைக்கும். திகைப்பு நேரும் அவ்விடத்திலேயே எளியோர் இழப்புறுகின்றனர். இதனை மூன்று கணக்குகளால் விளக்குவாம். இவற்றில் வரும் தொகைகள் விளக்கத்தின் பொருட்டு யாம் அமைத்துக் கொண்டவை.

ஏலக்காய் விளைப்போன் ஒருவன் ஆறு மூட்டைகளைப் போடிநாயக்கனூர்க்குக் கொணர்கின்றான் எனக் கொள்வோம். ஒவ்வொரு மூட்டையும் 50 கிலோ 700 கிராம். கிலோவுக்குக் குறைந்த எடையை விட்டுவிடுவது என்று பேச்சாயின், விடுவது எப்பொழுது? ஆறு மூட்டையையும் ஒருங்கே நிறுத்தால் 304 கிலோ 200 கிராம். விடுவது 200 கிராமே. மூட்டைதோறும் நிறுத்து விட்டால் கணக்கில் வருவது 300 கிலோவே. போனது 4 கிலோ 200 கிராம். கிலோ 2,000 ரூபாய் எனின் இரண்டுக்கும் வேற்றுமை 8,000 ரூபாய். இங்கே பங்கீட்டுப் பண்பு பொய்த்ததா? இல்லை. பெருக்கலுக்கு உரிய அப்பண்பு, மிச்சத்தை வெட்டிவிடும் செயலுக்கு உரியதன்று. இதனை அறிந்தவன், விடுவதாயின் மொத்தத்தில் விடுக என்று கேட்பான். அறியாதவன் ஆறு மூட்டைக்கும் ஒரே கணக்குத்தானே என்று அமைந்து போவான்.

இரண்டாவது, கமிஷன் மண்டிக் கணக்கு. விற்ற தொகை 10,000 ரூபாய். தரகு நூற்றுக்குப் பத்து. இறக்குகூலி 200 ரூபாய். தரகை முதலிற் கழித்தால் 9,000. அதிற் கூலி போக 8,800. கூலியை முதலிற் கழித்தால் 9,800. அதில் தரகு 980 போக 8,820. முறை மாறியது, தொகையும் மாறியது. எஞ்சிய 20 ரூபாய் எங்கே போயிற்று? முன்னைய முறையில், கூலியாகச் சென்ற 200 ரூபாய்க்கும் உழவன் தரகு செலுத்தியுள்ளான். இது வழக்கமாகவும் இருக்கலாம். முன்னரே ஒப்பியதாகவும் இருக்கலாம். நாம் யாரையும் குறை கூறுகின்றிலோம். எம்முறையில் கழிக்கப்பெற்றது என்று கேட்கும் அறிவு உழவனுக்கு வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

மூன்றாவது, விலையின் ஏற்றமும் இறக்கமும். கிலோ 1,000 ரூபாய் விற்ற சரக்கு நூற்றுக்கு இருபது இறங்கிப் பின்னர் நூற்றுக்கு இருபது ஏறிற்றாம். இழந்ததை மீண்டும் பெற்றோம் என்று பலர் மகிழ்வர். இறங்கியபொழுது 800, அதன் மேல் இருபது வீதம் ஏறினால் 960 மட்டுமே. முதலில் ஏறிப் பின்னர் இறங்கினாலும் 1,200 ஆகி 960 ஆகும். முறையை மாற்றியும் விடை மாறவில்லை. ஆயினும் தொடங்கிய இடத்தை அடையவில்லை. பரிமாற்றுப் பண்பு வேறு, நேர்மாறு வேறு என்பதனை இது தெளிவுறுத்தும். இருபது வீத இறக்கத்தை ஈடுசெய்ய இருபத்தைந்து வீத ஏற்றம் வேண்டும்.

கைப்பேசியிலேயே கணக்கிடும் கருவி இருக்கையில் இவையெல்லாம் எதற்கு என்பாரும் உளர். கருவி நாம் இட்ட கட்டளைப்படி பெருக்கும், கூட்டும், பிழையாது. தரகை முன்னர்க் கழிப்பதா, கூலியை முன்னர்க் கழிப்பதா என்று அது நம்மைக் கேட்குமோ? மூட்டைதோறும் விடுவதா, மொத்தத்தில் விடுவதா என்று நம் சார்பில் வழக்காடுமோ? முறையைத் தெரிவு செய்வோன் கருவியை உடையவன் அல்லன், கணக்கை எழுதுபவனே. ஆகலின் கருவி பெருகப் பெருக, முறையை ஆராயும் அறிவின் தேவை பெருகுமேயன்றிக் குறையாது.

பெயரை மட்டும் மிகுதியாகக் கற்பித்தலும் தீர்வாகாது. 1960 ஆம் ஆண்டுகளில் அமெரிக்க நாட்டில் புதுக் கணிதம் என்னும் பெயரால் இப்பண்புகளின் பெயர்களைச் சிறு பிள்ளைகளுக்கும் புகட்டினர். பிள்ளைகளால் ஏன் கூட்ட இயலவில்லை என்று அம்முறையைக் கண்டித்து மாரிஸ் கிளைன் என்னும் பேராசிரியர் 1973 ஆம் ஆண்டு நூலொன்று வெளியிட்டார். பெயர் பொருளுக்கு முன்னே ஓடினால் விளையும் பயன் இதுவேயாம்.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? பள்ளியில் இப்பண்புகளைக் கற்பிப்போர், பிள்ளைகள் தம் வீட்டார் மனக்கணக்கிடும் வழியைக் கேட்டு வருமாறு முதலிற் பணிப்பாராக. நெல்லும் வாழையும் திராட்சையும் ஏலமும் அக்கணக்குகளில் இடம்பெறுக. வழி விளங்கிய பின்னர் அதற்குப் பெயர் சூட்டுக. ஒவ்வொரு பண்பையும் கற்பிக்கையில், கழித்தலுக்கு இது பொருந்துமா, வகுத்தலுக்குப் பொருந்துமா, எடையை வெட்டுவதற்குப் பொருந்துமா என்னும் வினாக்களையும் உடன் எழுப்புக. பொருந்தா இடம் அறிவுக்கு இழுக்கன்று. புது அறிவுக்கு வாயிலே. டப்ளின் நகரத்து ஹாமில்ட்டன் 1843 ஆம் ஆண்டு அக்டோபர் 16 ஆம் நாள், முறை மாறினால் பெருக்கற்பலன் மாறும் ஒருவகைப் புதிய எண்களைக் கண்டார். எங்கும் பொருந்தும் என நம்பியிருந்த பண்பு ஓரிடத்துப் பொருந்தாமையைத் துணிந்து ஏற்றமையாலன்றோ அக்கண்டுபிடிப்பு கைகூடிற்று?

கல்லூரி மாணவராகிய நமக்கும் இதிற் பங்கு உண்டு. விடுமுறையில் ஊர் செல்லும் நாம், சந்தையிலும் களத்திலும் மண்டியிலும் வழங்கும் கணக்குச் சொற்களையும் மனக்கணக்கு வழிகளையும் கேட்டுத் தொகுக்கலாம். பழஞ்சொற்களைத் தேடும் தமிழ் மாணவர்க்கு இஃது உகந்த பணி. கணித மாணவர் துணை நின்றால் பணி முழுமை பெறும். எழுத்தறியாதார் வீட்டுக்கு வந்த சீட்டை வாசித்துக் காட்டுவதோடு நில்லாமல், அதில் உள்ள தொகை எம்முறையில் வந்தது என்பதனையும் விளக்கிக் காட்டலாம்.

கணக்கின் விதிகள் யார்க்கும் பாரபட்சம் காட்டா. செல்வன் கூட்டினும் வறியவன் கூட்டினும் தொகை ஒன்றே. விதி பொதுவாயினும் அதனை அறிந்தார்க்கே அது துணை நிற்கும். முறை மாறினும் தொகை மாறாத இடத்தில் எளிய வழியைத் தெரிந்துகொள்ளவும், முறை மாறினால் தொகை மாறும் இடத்தில் நேரிய வழியைக் கேட்டுப் பெறவும் வல்லவராக நம் பள்ளத்தாக்கின் மக்கள் அனைவரும் விளங்குதல் வேண்டும். அதற்கு உதவுவதே எண்ணும் எழுத்தும் ஒருங்கே கற்றார் கடன் என்று உணர்ந்து முயல்வோமாக.